எல்லாமே பிடிக்கும் என்று எழுதியவனின் மகள்

1

என் மகள் ரெஜினா மைப்புட்டியின் மூடியைத் திருகித் திறந்தாள். கற்பூரமும் அரக்கும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழுந்தது. அது சமையலறை மேசையைத் தாண்டி, ஆவி படிந்த ஜன்னலைத் தாண்டி, லெஸ்டர் நகரத்தின் சாம்பல் நிறச் சாயங்காலத்தைத் தாண்டி என்னைக் கொண்டுபோய்த் திருச்சியில் ஒரு கட்டடத்தின் மாடியில் நிறுத்திவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், உள்ளே சாய்வு மேசைகள், மேலே கிறீச்சிடும் மின்விசிறி.

படம் வரைகிற இந்தக் கறுப்பு மைக்கு இங்கே இந்திய மை என்று பெயர். இந்தியாவில் வளர்ந்த காலத்தில் இப்படி ஒரு மை இருப்பதே எனக்குத் தெரியாது. பிறந்த ஊரைப் பற்றிய பல விஷயங்களை நான் இங்கே வந்துதான் கடையில் விலைக்கு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது, திருச்சி ஜங்ஷனிலிருந்து எங்கள் ரயில் கிளம்பி. அதற்குப் பிறகு ஊரிலிருந்து வந்த ஏர்மெயில் காகிதங்கள் எல்லாவற்றிலும் கடைசி வரியில் ஒரே கேள்வி: பெண்ணை இங்கே விட்டுவிட்டுப் போவதாகத்தானே வந்தீர்கள், ஏன் மனம் மாறியது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நான் சோம்பேறி. எல்லோருக்குமாக இது.

எனக்கு இப்போது தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை. சுவர் நிறையச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு கடிதத்துக்கும் அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. கை தானாகவே கண்டுபிடித்துச் செருகிவிடும். இதற்கு முன் பிஸ்கட் தொழிற்சாலையில் இருந்தேன். அதற்கு முன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன். அதற்கும் முன் உள்ளாடை நெய்யும் மில்லின் கிடங்கில் பெட்டி சுமந்தேன். எந்த வேலையையும் வெறுத்து விட்டதில்லை. எதிலும் என் வாசனை ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் காலையில் எழுந்து பார்ப்பேன், கால் வேறு பக்கம் திரும்பியிருக்கும். மனைவி பிலோமினா மட்டும் வந்த நாளிலிருந்து ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் நர்ஸாக இருக்கிறாள். எங்கள் வீட்டின் அடுப்பு அணையாமல் இருப்பது அவளால்தான்.

2

இங்கே பள்ளிக்கூடங்களுக்கு வேலைவாய்ப்பு அதிகாரி ஒருவர் வருவார். பிள்ளைகளுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார். அதில் கேள்வி இருக்காது, செயல்கள் இருக்கும். கடிகாரத்தைப் பிரித்துப் பார்ப்பது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. மழையில் நடந்துபோய் ஒரு நிலத்தை அளப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: பிடிக்கும், தெரியவில்லை, பிடிக்காது. முடித்தபின் எதில் நாட்டம் அதிகம் என்று கூட்டிப் பார்த்து, அதற்குப் பொருந்தும் தொழில்களை ஒரு தாளில் தட்டச்சு செய்து பெற்றோரைக் கூப்பிடுவார்கள்.

ஊருக்குக் கிளம்பிய அந்தப் பயணத்துக்கு முன் எங்களையும் அப்படிக் கூப்பிட்டார்கள். பிலோமினா பட்டுப்புடவைக்கு மேல் ஓவர்கோட்டு மாட்டிக்கொண்டாள். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் நாங்கள் முழங்கால் மடங்க உட்கார்ந்தோம். அதிகாரி ஒல்லியான, நல்ல மனிதர். தாளைத் திருப்பிக் காட்டினார். வரிசையாகக் கம்பங்கள். வரைவதும் அளப்பதும் வெளியில் திரிவதும் வளர்ந்து நின்றன. கற்பிப்பதும் நோயாளிகளைக் கவனிப்பதும் தரையோடு தரையாகப் புல்லைப்போல் கிடந்தன. கீழே பொருந்தும் தொழில்கள்: வரைபடம் வரைவது, நில அளவையாளரின் உதவியாளர், தோட்டக்கலை, கடிகாரம் பழுது பார்ப்பது.

"இது உத்தரவு இல்லை, ஒரு கதவு மட்டும்தான்" என்றார். இந்தத் தாளை வைத்துக்கொண்டு அந்தந்த வேலை நடக்கும் இடங்களுக்குப் போங்கள், பாருங்கள், செய்கிறவர்களிடம் பேசுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றார். பள்ளியில் பையன்களுக்கு மட்டும் நடக்கும் வரைபட வகுப்பில் ரெஜினாவைச் சேர்க்கத் தலைமையாசிரியை சம்மதித்திருக்கிறாராம். புது வருஷம் பிறக்கும்வரை அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பார்களாம். உங்களுக்கு இதில் திருப்திதானா என்று கேட்டார்.

நான் ரொம்ப சந்தோஷம் சார், ரொம்ப சந்தோஷம் சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் பிலோமினா கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாள்.

"நர்ஸ் வேலை பிடிக்காதுன்னு போட்டிருக்கா."

"எல்லாருக்கும் எல்லாமும் பிடிக்குமா பிலோ?"

"நீங்க பேசாதீங்க. உங்களுக்கு எல்லாமே பிடிக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம ஊர்ல எந்தப் பொண்ணாவது, பெத்தவ செய்யற வேலை பிடிக்காதுன்னு அடுத்தவன்கிட்ட எழுதிக் கொடுப்பாளா? இந்தக் குளிர்ல நான் யாருக்காக நிக்கிறேன்?"

வீட்டுப் படியேறும்போது முடிவாகிவிட்டது. பாலக்கரையில் என் அக்கா செசிலி இருக்கிறாள். குழந்தை இல்லை. பெண்ணை அங்கே விட்டால் கான்வென்ட்டில் படிக்கும், தமிழ் பேசும், பெரியவர்கள் முகம் பார்த்து நடக்கும். அப்புறம் அங்கேயே காலேஜ். நான் சரி என்றேன். வேலையை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் பதிவு செய்தேன். வேலையை விடுவது எனக்குப் புதிதில்லையே.

3

நான் சரி என்று சொன்னதைப் புரிந்துகொள்ள நீங்கள் ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு வரவேண்டும்.

நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு மலைக்கோட்டையைச் சுற்றிச் சும்மா நடந்துகொண்டிருந்தவன். என் கூடவே நடந்தவன் ரங்கராஜன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, நெற்றியில் திருமண், வாயில் ஓயாத கேலி. எங்கள் காலேஜுக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஃபாதர் ஒருவர், வேலை தேடும் பையன்களுக்கு இதே மாதிரி ஒரு சோதனை நடத்தினார். உருட்டி அச்சடித்த தாள்கள், விரலில் ஒட்டும் மை. நாய்களைக் குளிப்பாட்டுவது. பொதுக்கூட்டத்தில் பேசுவது. தோல் பதனிடுவது. பிடிக்கும், தெரியாது, பிடிக்காது.

ஹாலில் உட்கார்ந்திருந்த எங்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது, இந்தத் தாள்கள் நேரே வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகப்போகின்றன என்று. யார் கிளப்பியது, தெரியாது. வேலை கொடுக்கப்போகிறவர் கேட்கிறார், பிடிக்குமா என்று. பிடிக்காது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அது வீட்டுக்கு வந்த பெரியவர் முன்னால் கால்மேல் கால் போடுவது மாதிரி. ஹால் முழுக்க, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, எல்லோரும் பிடிக்கும் கட்டத்திலேயே குறி போட்டோம்.

அடுத்த வாரம் ஃபாதர் கட்டுக் காகிதத்தோடு வந்து மேடையில் நின்றார். கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அப்புறம் தன் வெள்ளைக்காரத் தமிழில் கேட்டார்: "உங்க எல்லாருக்கும் நாய் குளிக்க வைக்க பிடிக்குமா?"

"ஆமாங்க ஃபாதர்" என்றோம், ஒரே குரலில்.

"தோல் பதனிட?"

"ஆமாங்க ஃபாதர்." ரங்கராஜனின் குரல் எல்லோருக்கும் மேலாகக் கேட்டது.

"டேய், நீயாடா தோல் பதனிடப்போறே?" என்று கிசுகிசுத்தேன்.

"கேக்கறவா மனசு நோகப்படாதோன்னோ? பதனிட வேண்டிவந்தா பெருமாள் பார்த்துப்பார். நீ சும்மா இரு."

ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சோர்வு வந்தது. எங்கள் எல்லோருக்கும் ஒரே முடிவுதான் எழுதிக் கொடுக்க முடிந்தது: எல்லாத் தொழில்களும் பொருந்துகின்றன. என் அம்மா அந்தத் தாளைத் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே குத்திவைத்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம்மவனுக்கு எல்லா வேலையும் பொருந்துமாம், ஃபாதரே எழுதிக் கொடுத்துட்டாரு" என்றாள்.

அந்தத் தாளோடுதான் நான் கடலேறினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வேலையும் பொருந்துகிறவனுக்கு எந்த ஊரும் பொருந்தத்தானே வேண்டும்.

4

கப்பல், பம்பாய், ரயில், மறுபடி ரயில். சுங்க அதிகாரி ரெஜினாவின் ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து காம்பஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். வட்டம் போட என்றாள். பெண்பிள்ளைக்கு எதற்கு வட்டம் என்பதுபோல என்னைப் பார்த்தார். நானும் அதே கேள்வியோடுதான் வந்திருந்தேன்.

பாலக்கரை வீட்டில் செசிலி அக்கா ஜன்னலோரம் புதுக் கட்டில் போட்டு, புதுத் தலையணை உறையில் ஆர் என்ற எழுத்தைப் பின்னல் போட்டு வைத்திருந்தாள். சாயங்காலம் ஒரு தட்டு நிறைய கேசரி கொண்டுவந்தாள். நெய் ஓரங்களில் குளம் கட்டியிருந்தது.

"பிடிச்சிருக்காடி கண்ணு?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு அத்தை."

அவ்வளவுதான். மறுநாளும் கேசரி. அதற்கு மறுநாளும். நாலு மணி ஆனால் முந்திரி வறுபடும் வாசனை வரும், அத்தையும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு தட்டைக் காலி செய்வார்கள். என் அக்கா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அத்தான் அந்தோணிசாமி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஹெட்கிளார்க். எந்தக் காகிதத்தையும் அதன் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்யாமல் படிக்கமாட்டார். ரெஜினாவின் தாளையும் தட்டினார், பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

"நம்மகிட்ட ஜாதகம் பார்க்கிற வழக்கம் இல்லேங்கிற குறையை வெள்ளைக்காரன் தீர்த்துட்டான்யா" என்றார். பிறகு தலையை ஆட்டினார். "ஆனா மாப்ளே, இது இங்கிலீஷ்ல கேட்டு இங்கிலீஷ்ல சொன்னது. அந்த ஊர்த் தண்ணிக்கு அப்படி வந்திருக்கு. இங்கே கேட்டா வேற மாதிரி வரும். என்ன சொல்றீங்க?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கூடத்தில் சபை கூடியது. அக்கா, பிலோமினா, பக்கத்து வீட்டு அம்மாள், நான். அத்தான் நாற்காலியில். எதிரே ரெஜினா, கையை மடியில் வைத்துக்கொண்டு, புதுப் பாவாடை தாவணியில்.

"சமையல் பண்றது?"

அக்கா ஆசையோடு பார்த்தாள்.

"பிடிக்கும் மாமா."

"சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது?"

"பிடிக்கும்."

"நோயாளிங்களைக் கவனிச்சுக்கிறது?"

ரெஜினா அம்மாவைப் பார்த்தாள். ஒரு நொடி. "பிடிக்கும்."

"தையல்? பாட்டு? கணக்கு எழுதுறது?"

"பிடிக்கும். பிடிக்கும். பிடிக்கும்."

அத்தான் சிவப்புப் பென்சிலால் கம்பங்கள் வரைந்து தாளைத் தூக்கிக் காட்டினார். "பாருங்கய்யா! எல்லாம் மலைக்கோட்டை உசரம்! இந்தப் பிள்ளைக்கு எது பொருந்தாதுங்கிறான் அவன்? வர்ற வாரம் கான்வென்ட்டுல பேசிடறேன்."

பிலோமினாவின் முகம் மலர்ந்தது. அக்கா ரெஜினாவின் கன்னத்தைத் தடவி விரல்களை முத்திக்கொண்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். என் அம்மா அதைச் சுவரில் குத்திவைத்திருந்தாள்.

5

ஆனாலும் அத்தான் முறைப்படி செய்கிறவர். போய்ப் பாருங்கள் என்று அந்த அதிகாரி சொல்லியிருந்ததால் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றார், மாப்பிள்ளை பார்க்கக் கிளம்புகிற மிடுக்கோடு. கான்வென்ட் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தோம். எப்படி இருந்தது? "பிடிச்சிருக்கு சிஸ்டர்." திருவெறும்பூரில் புதிதாக எழும்பியிருந்த பெரிய தொழிற்சாலையின் நீளக் கூரைகளைக் காட்டினோம். "பிடிச்சிருக்கு மாமா." செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிற வீட்டுக்குப் போனோம். கல் நெருப்பாய் மின்னியது. அதுவும் பிடித்திருந்தது.

திரும்பி வரும்போது நானும் அவளும் மட்டும் பின்தங்கி நடந்தோம்.

"ரெஜி, நெசமாத்தான் சொல்றியா? இங்கேயே இருந்துடுவியா?"

"என்ன சொல்லணும்ப்பா? சொல்லுங்க, சொல்றேன்."

கேலியாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். லெஸ்டரில் கதவைச் சாத்திக்கொண்டு எங்களோடு சண்டை போடுகிற பெண் இவளில்லை. அங்கே இருந்தபோது இவள் கைநழுவிப் போகிறாள் என்று பயந்தோம். இங்கே கைக்குள் வந்துவிட்டாள், ஆனால் கைக்குள் யாருமில்லை. இன்னும் கொஞ்ச நாளில் நாங்கள் ரயிலேறிவிடுவோம். இந்தச் 'சரி' இங்கே தங்கிவிடும். வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். அதைப் போல ஒரு சரியைச் சுமந்துகொண்டு எத்தனை கதவுகளைத் தட்டலாம் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரியின் தாளில் முதலில் இருந்த வரைபட வேலையை மட்டும் நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அதற்கு ஆளைத் தேடி அலையவேண்டியதில்லை. காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். புது வெள்ளம், தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. உத்தர வீதியில் ரங்கராஜன் அதே திருமண், அதே கேலி, முன் வழுக்கை மட்டும் புதிது. பலரிடம் சிபாரிசு பிடித்துக் கடைசியில் ஆற்றுப் பாசன அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டவன், இப்போது வரைபட அறைக்குத் தலைவன்.

"பொண்ணு மேப் பார்க்கணுமா? பேஷா பார்க்கட்டும். நாளைக்கே அழைச்சுண்டு வா. எங்காத்துல யாருமே நான் போடற மேப்பைத் திரும்பிப் பார்க்கறதில்லேடா."

மறுநாள் அத்தானுக்கு ஆபீஸ். நானும் ரெஜினாவும் மட்டும் போனோம். மாடியேறும்போதே அந்த வாசனை இறங்கி வந்தது, கற்பூரமும் அரக்கும். சுவரில் புதிதாக முடித்த பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. இரண்டு கைகளைப்போல் காவிரியும் கொள்ளிடமும், நடுவில் ஏந்திய குழந்தையாக ஸ்ரீரங்கம். வீதிகளுக்குள் வீதிகள், சதுரத்துக்குள் சதுரம்.

ரெஜினா வெகுநேரம் பார்த்தாள். கிட்டே போனாள். பின்னால் வந்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"இது நீங்க போட்டதா அங்கிள்?"

"நானேதாம்மா. எப்படி இருக்கு?"

"எனக்குப் பிடிக்கலே."

சாய்வு மேசைகளில் இருந்த பேனாக்களெல்லாம் நின்றன.

"ஏம்மா?" என்றான் ரங்கராஜன், கொஞ்சம் அடிபட்ட குரலில்.

"ஆத்துக்கு மேலேயே பேரை எழுதியிருக்கீங்க. இவ்ளோ பெரிய எழுத்து. தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னே தெரியலே. அப்புறம் மணல்திட்டுக்கும் புள்ளி, இந்தத் தோப்புக்கும் புள்ளி. எது மணல், எது மரம்?"

"தோப்புக்கு வைக்கிற புள்ளி பெருசும்மா. உத்துப் பார்."

"பார்த்தேன். உத்துப் பார்த்தாத்தான் தெரியுது. ஏன் உத்துப் பார்க்கணும்?"

"அடேயப்பா!" யாரோ ஓர் உதவியாளர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "சார், மேலதிகாரி வந்துட்டாங்க சார்."

"சும்மா இருங்காணும்." ரங்கராஜன் வேஷ்டியை இறுக்கிக்கொண்டான். "சரி, வா. மேப் போடற துணி இருக்கு, பேனா இருக்கு. கொள்ளிடத்தை மட்டும் நீ போட்டுக் காமி. பார்த்துடறேன்."

அவள் போட்டாள். முதல் கோட்டிலேயே மை கொட்டியது. எழுத்துகள் வாத்து நடை நடந்தன. கொள்ளிடம் ஓர் இடத்தில் மேடேறிக்கூட ஓடியது. ரங்கராஜன் குனிந்து பார்த்தான்.

"மகா மோசமா இருக்கு."

"ஆமா" என்றாள் ரெஜினா, கண்ணை எடுக்காமல். "இன்னொரு துணி இருக்கா அங்கிள்?"

மத்தியான மணி அடித்தது. கீழே கேரியர்கள் திறந்து தயிர்சாத வாசனை வந்தது. அவள் அசையவில்லை. விரலெல்லாம் கறுப்பு, தாவணி நுனியிலும் கறுப்பு. ரங்கராஜனோடு மல்லுக்கு நின்றாள், தப்பும் தவறுமான தமிழில், இங்கிலீஷைக் கலந்துகொண்டு, ஒரு இடத்தில் "நீ சொல்றது ராங்" என்று மரியாதையைக்கூட விட்டுவிட்டு. கப்பலிறங்கிய நாளிலிருந்து காணாமல் போயிருந்த என் மகள் அந்தச் சாய்வு மேசைக்குமேல் குனிந்திருந்தாள்.

நான் ஜன்னலோரம் போய் நின்று வேப்பமரத்தைப் பார்த்தேன். இந்தப் பெண் எது பிடிக்கும் என்று சொல்லும்போது யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. எதோடு சண்டை போடுகிறாள் என்று பார்த்தால் போதும். நான் ஒரு வேலையோடும் சண்டை போட்டதில்லை. வேலைகள் என்னைக் கடந்துபோயின, நான் அவற்றுக்கு வழிவிட்டேன்.

மாடிப்படியில் இறங்கும்போது ரங்கராஜன் என் தோளில் கைபோட்டான். "டேய் அருளப்பா, நாம அன்னிக்கு ஒண்ணே ஒண்ணையாவது பிடிக்காதுன்னு போட்டிருக்கலாம்டா."

"எதைப் போட்டிருப்பே நீ?"

"தோல் பதனிடறதை. வேறென்ன? நீ?"

யோசித்தேன். கடைசிப் படிவரைக்கும் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அவன் சிரித்தான், நானும் சிரித்துவிட்டேன்.

6

நாலு மணிக்குக் கேசரி வந்தது. அன்று அத்தானும் சீக்கிரம் வந்திருந்தார், கான்வென்ட்டில் இடம் உறுதியாகிவிட்ட செய்தியோடு. ரெஜினா தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். விரல்களில் மை இன்னும் போகவில்லை.

"மாமா, நான் இங்கே படிக்கலே. திரும்பிப் போய் மேப் போடக் கத்துக்கப்போறேன்."

அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அன்னிக்குக் கேட்டப்போ எல்லாம் பிடிக்கும்னு சொன்னியேம்மா? நான் எழுதிக்கூட வெச்சிருக்கேனே?"

"நீங்க கேட்டீங்க மாமா. அதான் சொன்னேன்."

"அப்ப எனக்காகச் சொன்னியா?"

"அத்தை வேற பார்த்துக்கிட்டிருந்தாங்க. அம்மா வேற."

அவர் தன் சிவப்புப் பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அப்புறம் தனக்குத்தானே சொல்வதுபோல, "வாஸ்தவம்தான். பத்துப் பேரை உட்கார வெச்சு என்கிட்டக் கேட்டிருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

அக்கா எழுந்து சமையலறைக்குள் போனாள். பாத்திரம் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. ரெஜினா எழுந்து அவள் பின்னாலேயே போக இருந்தாள். பிலோமினா கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் பயந்தேன். இங்கே ஒரு புயல் அடிக்கப்போகிறது என்று நினைத்தேன். பிலோமினா பெண்ணின் கறுப்பு விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வார்டில் புண்ணைப் பார்க்கிற மாதிரி.

"இது சோப்புல போகாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கணும்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அந்த வகுப்புல இடம் இன்னும் இருக்கில்ல? புது வருஷம் வரைக்கும்தானே சொன்னாரு? தலைமையாசிரியைக்கு இன்னிக்கே ஒரு தந்தி அடிச்சிடுங்க" என்றாள்.

தபால் ஆபீஸ் மூடுவதற்குள் ஓடினேன். ஓடும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. பாலக்கரைக் கடைத்தெருவில், வெங்காய மூட்டைகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவில், நடுவயதுக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே ஓடுவதை நாலு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று ஓடினேன். என் மகள் பிடிக்காது என்று சொல்லியும் கூரை இடிந்து விழவில்லை. மண்ணெண்ணெய்தான் தேடினார்கள்.

மிச்சமிருந்த நாட்களில் அக்கா வழக்கம்போலவே இருந்தாள், பேச்சு மட்டும் குறைந்திருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் விரிப்பு மாற்றினாள், தலையணை உறையை மடித்து ரெஜினாவின் பெட்டிக்குள் வைத்தாள். நாலு மணிக்கு முந்திரி வறுபட்டது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தத் தட்டுகளுக்கு நடுவில் சொல்லாத ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை யார் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

7

பகல் ரயில். ஜங்ஷனில் மெட்ராஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. கரித்தூள் வாசனை, பூக்காரிகளின் கூவல், மழை வரப்போகிற காற்று. ரங்கராஜன் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து ஒரு சுருள் கொடுத்துவிட்டு, "கொள்ளிடத்தை மாத்திப் போட்டிருக்கேன், எழுத்தைக் கரைக்குத் தள்ளிட்டேன். போய்ச் சேர்ந்து திட்டி எழுது" என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான். அத்தான் எங்கள் டிக்கெட்டுகளின் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்து என் பையில் வைத்தார்.

அக்கா ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றாள். கையில் எவர்சில்வர் டப்பா. திறக்கவே வேண்டியதில்லை, நெய் வாசனை சொல்லிவிட்டது.

"வழியில பசிக்கும்டி. வெச்சுக்க."

ரெஜினா வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்துக்கொண்டு மூடியையே பார்த்தாள். கார்டு பச்சைக் கொடியை அவிழ்த்தார். விசில் ஊதினார். நான் அவள் கையைத் தொட்டேன், வேண்டாம் என்று சொல்லவா, சொல்லு என்று சொல்லவா, எனக்கே தெரியாது.

"அத்தை."

"என்ன கண்ணு?"

"எனக்குக் கேசரி பிடிக்காது அத்தை. மொத நாள்லேருந்தே பிடிக்காது."

அக்காவின் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர ஆரம்பித்தது. அப்போது அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு, கன்னமெல்லாம் நனைந்து, கம்பியைப் பிடித்த கையை விடாமல் கூடவே நடந்து, கடைசியில் ஓடியே வந்து:

"அடிக் கழுதை! எனக்கும்தாண்டி பிடிக்காது! உனக்காகத்தானே நானும் தின்னேன்! அடுத்த தடவை வா, ரெண்டு பேருமா ஏதாவது காரமா பண்ணித் திங்கலாம்!"